சிவப்புப் புள்ளி வாங்கப் போகும் தம்பிக்கு

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, பிஸ்டல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதன் மேல் ரெட் டாட் சைட் வைத்துக்கொள்ள ஆசை, எந்த அளவு வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரிசி மண்டியிலிருந்து பணத்தோடு இரவில் வீடு திரும்புகிறவனுக்கு, புள்ளி 3 முதல் 6 எம்.ஓ.ஏ.வுக்குள் இருந்தால் போதும். பார்க்கும் கண்ணாடி, ஸ்லைடின் அகலத்தைத் தாண்டாத வரை, எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. துப்பாக்கிக் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடையில் சொல்ல நேரமில்லாத சிலவற்றை நான் எழுதுகிறேன். பட்டாளத்திலும், ஓய்வு பெற்ற பிறகு பேங்க் வாசலில் காவலுக்கு நின்ற காலத்திலும், பக்கத்தில் இருந்தவர்கள் பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை. பொறுமையாகப் படி, தம்பி.

1. புள்ளியைத் தேடுமுன் துப்பாக்கியைப் பார். நம் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் பலரிடம் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். அதன் மேல் இந்தச் சைட் உட்கார இடமே கிடையாது. வெளிநாட்டுப் படங்களில் நீ பார்க்கும் 9 மி.மீ. பிஸ்டல், நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். ஆகவே, நீ வாங்கப்போகும் பிஸ்டலின் ஸ்லைடில் தொழிற்சாலையிலேயே வெட்டிவிட்ட இடம் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. என்னோடு பணிபுரிந்த ஒருவர் ஆசைப்பட்டுச் சைட்டை முதலில் வாங்கினார். பொருந்தும் பிஸ்டல் கடைசிவரை அமையவில்லை. அது பீரோவிலேயே கிடந்தது. ஆசை முந்தினால் காசு பிந்தும், தம்பி. இருக்கிற ரிவால்வரிலேயே நன்றாகச் சுடத் தெரிந்தவன் எதிலும் குறைந்தவன் இல்லை.

2. லேத் பட்டறைப் பக்கம் போகாதே. இடமில்லாத ஸ்லைடில் துளை போட்டுத் தர ஆள் கிடைக்கும். நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாதவர் ஆயுதத்தைச் செய்வது, பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தெரியாத்தனமாக இப்படிச் செய்துவிட்டு, புதுப்பிக்கும்போது நடந்த சோதனையில் அகப்பட்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடு. எதைப் பொருத்துவதாக இருந்தாலும் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். சட்டத்துக்குப் பயப்படுவது கோழைத்தனம் ஆகாது. ஆயுதம் வைத்திருப்பவனுக்கு அதுதான் முதல் ஒழுக்கம்.

3. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள். பலர் அதை லேசர் என்று நினைக்கிறார்கள். லேசர் எதிரே இருப்பதன் மேல் போய் விழும். இது வெளியே எங்கும் போகாது. சின்ன விளக்கு ஒன்றின் ஒளி, வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி உன் கண்ணுக்கு இணைகோடுகளாக வருகிறது. அதனால்தான் புள்ளி தூரத்தில் மிதப்பதுபோல் தெரிகிறது. இந்த யோசனையை 1900-இல் காப்புரிமை செய்தவர் ஹோவர்டு கிரப், டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநர். அவருடைய பட்டறையில் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று புனேயில் இருந்து, 1912-இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பேட்டரியில் எரியும் புள்ளியை ஸ்வீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் கம்பெனி 1975-இல் வேட்டைக்காரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் வைத்திருப்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவன் அதை அளவுக்கு மேல் நம்ப மாட்டான்.

4. எம்.ஓ.ஏ. என்றால் பயப்படாதே. அது ஒரு கோண அளவு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் நின்று நிலாவைப் பார்க்கிறாயே, அதன் குறுக்களவு சுமார் 30 எம்.ஓ.ஏ. அப்படியென்றால் 6 எம்.ஓ.ஏ. புள்ளி நிலாவில் ஐந்தில் ஒரு பங்கு அகலம், 3 எம்.ஓ.ஏ. புள்ளி பத்தில் ஒரு பங்கு. இன்னொன்றும் தெரிந்துகொள். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் எரியும் சுடர், ஊருக்குள் நின்றால் பெரிதாகவும் போளூர்ப் பக்கம் போனால் சிறிதாகவும் தெரியும். சைட்டின் புள்ளி அப்படி மாறாது. கண்ணுக்கு எப்போதும் ஒரே அளவுதான். தூரம் கூடக் கூட அது மறைக்கும் இடம்தான் பெரிதாகும்.

5. கணக்குப் போட்டுப் பார்த்து அளவைத் தேர்ந்தெடு. ஏழு மீட்டர் தூரத்தில், அதாவது ஒரு கூடத்தின் நீளத்தில், 3 எம்.ஓ.ஏ. புள்ளி 6 மி.மீ. இடத்தை மறைக்கும்; 6 எம்.ஓ.ஏ. புள்ளி 12 மி.மீ. இருபத்தைந்து மீட்டரில் முன்னது 2.2 செ.மீ., பின்னது 4.4 செ.மீ. இந்த வித்தியாசத்தைவிட உன் கைநடுக்கம் பெரிது. ரேஞ்சில் இரண்டு இளைஞர்கள் சின்னப் புள்ளி உசத்தியா, பெரிய புள்ளி உசத்தியா என்று வாதாடியபோது, எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் ஒன்றும் பேசாமல் இருவரையும் சுடச் சொன்னார். இருவர் தாளிலும் துளைகள் உள்ளங்கையைவிட அகலமாகப் பரவியிருந்தன. வாதம் அதோடு நின்றது. பொறுமையாகத் தாளில் சுடுவதே உன் விருப்பமென்றால் 3 எடு. பதற்றத்தில், அரைவெளிச்சத்தில், கண் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 6-ஐ ஒட்டி எடு. உன் நல்ல நாளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்காதே. கை வியர்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும் நாளை நினைத்துத் தேர்ந்தெடு.

6. கண்ணாடியின் அளவு, புள்ளியின் அளவைவிட முக்கியம். புதியவனுக்குப் புள்ளி பெரிதாக இருப்பதால் பெரிய உதவி இல்லை. அதைத் தேட இடம் அகலமாக இருப்பதுதான் உதவி. பிஸ்டலை உயர்த்தியதும் புள்ளி தெரியவில்லை என்றால் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். அகலமான கண்ணாடி அந்தச் சாய்வைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மெலிந்த பிஸ்டலில் அகலமான சைட் வைத்தால் இருபுறமும் துருத்தி, சட்டையிலும் வேட்டி மடிப்பிலும் மாட்டும். திறந்த வகைச் சைட் சுமார் 30 கிராம் இருக்கும். விளக்கு வெளியே தெரியாமல் மூடிய வகை அதைப்போல இரண்டு மடங்குவரை போகும். அரிசி மண்டித் தவிடும் தூசியும் திறந்த விளக்கின் மேல் படிந்தால் புள்ளியே தெரியாது. உன் தொழிலுக்கு மூடிய வகைதான் ஏற்றது; கொஞ்சம் கனத்தைப் பொறுத்துக்கொள்.

7. வாங்குமுன் கண் டாக்டரைப் பார். பார்வையில் சிதறல் உள்ளவர்களுக்குப் புள்ளி உருண்டையாகத் தெரியாது; வால் முளைத்தோ, இரண்டாகப் பிரிந்தோ, கொத்தாகவோ தெரியும். எங்கள் கூட்டாளி ஒருவர் சைட் கெட்டுப்போய்விட்டது என்று கடையில் சண்டைபோட்டுத் திருப்பிக் கொடுத்தார். புதிதாக வந்ததிலும் அதே வால் இருந்தது. சந்தேகம் வந்தால் செல்போன் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் பார். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கோளாறு சைட்டில் இல்லை. வயதான கண்ணுக்கு இந்தச் சைட் நல்ல துணை என்பதும் உண்மை. இரும்புச் சைட்டில் பின்குறி, முன்குறி, எதிரே இருப்பது என மூன்றையும் கண் சமாளிக்க வேண்டும். இதில் எதிரே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன் மேல் வந்து நிற்கும். பிறர் மேல் குற்றம் சொல்லுமுன் தன்னைச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் கருவியால் வருமானால், அதுவே பெரிய லாபம்.

8. வெளிச்சத்தை அடக்கி வை. அக்கினி நட்சத்திரத்தில் நம் மலைப்பாறை கண்ணைப் பறிக்கும். அந்த வெயிலில் மங்கலான புள்ளி காணாமலே போகும். அதே வெளிச்சத்தை மின்வெட்டு இரவில் வீட்டுக்குள் பார்த்தால் 3 எம்.ஓ.ஏ. புள்ளி பொங்கிப் பெரிதாகி, பின்னால் இருப்பதை மூடிவிடும். காசு கொடுத்து வாங்கிய அளவு வெளிச்சத்தால் மாறிவிடுகிறது பார். புள்ளி தெரிய வேண்டும், அதன் பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்து. இரவில் வீட்டில் ஒருமுறை, நடுப்பகலில் ரேஞ்சில் ஒருமுறை வைத்துப் பார்த்து, எந்தப் படி எதற்கு என்று மனத்தில் பதித்துக்கொள்.

9. முதலில் இரும்புச் சைட்டில் சுடப் பழகு. ஒரு வருஷமாவது அப்படிப் பழகிவிட்டு இங்கே வா. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்து மதிப்பெண் வளையத்தின் குறுக்களவு 11.5 மி.மீ. அந்தத் தூரத்துக்கு அது சுமார் 4 எம்.ஓ.ஏ. நீ கடையில் பார்க்கும் புள்ளியின் அளவுதான். உலகப் போட்டி விதிகள் அங்கே ஒளிப்புள்ளியோ லென்ஸ் சைட்டோ அனுமதிப்பதில்லை. திறந்த இரும்புச் சைட் மட்டும்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலமும், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு இரட்டையர் வெண்கலமும் வென்றது அந்தச் சைட்டை வைத்துத்தான். 2012 லண்டனில் விஜய் குமார் 25 மீட்டரில் வெள்ளி வென்றதும் அப்படித்தான். மூச்சும் விரலும் அடங்கினால் வளையம் தானாக வசப்படும். பேட்டரி தீர்ந்த இரவில் உன்னிடம் மிஞ்சப்போவதும் இந்தப் பழக்கம்தான். அதனால், புள்ளியோடு சேர்த்து, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இரும்புச் சைட்டும் இருக்கும்படி அமைத்துக்கொள்.

10. தோட்டா இல்லாமல் தினமும் பழகு. மேகசினைக் கழற்று, அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார், தோட்டாக்களை வேறு அறையில் வை, கெட்டியான சுவரைப் பார்த்து நில். பிறகு மெதுவாகப் பிஸ்டலை உயர்த்திப் புள்ளி எங்கே வந்து நிற்கிறது என்று கவனி. பத்து நிமிஷம் போதும். உஸ்தாத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி, துப்பாக்கி வெறுமையாக இருக்கும்போது சொன்னதுதான். பேட்டரியை அது தீரும்வரை விட்டுவைக்காதே. வருஷம் ஒருமுறை ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனம் வைக்கும் நாளில் மாற்றிவிடு. மாற்றியபின் 10 மீட்டரில் சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள். பூஜைக்கு வைக்கும் ஆயுதத்திலும் தோட்டா இருக்கக் கூடாது.

11. புள்ளி இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. இதை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக மனத்தில் வை. நம் ஊர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். பௌர்ணமி இரவில் எந்தத் திண்ணையிலும் யாரும் உட்காருவார்கள், எந்தக் கதவையும் தண்ணீருக்காகத் தட்டுவார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிக் குடியிருந்த, லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெரியவர், நள்ளிரவில் கொல்லைப்புறத் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டு எழுந்தார். கை பீரோவுக்குப் போவதற்குமுன் விளக்குப் பொத்தானுக்குப் போயிற்று. வெளியே நின்றது, கூட்டத்தில் மகனைத் தவறவிட்டு வழி தெரியாமல் வந்த ஒரு கிழவி. அந்தப் பெரியவருக்குக் குறி பார்க்க அவ்வளவாக வராது. ஆனால் நான் பார்த்த ஆயுதக்காரர்களில் அவரைத்தான் சிறந்தவர் என்பேன். ஆகவே சைட் வாங்கும் பணத்தில் முதல் பங்கை வாசல் விளக்குக்கும் நல்ல டார்ச் லைட்டுக்கும் செலவிடு. முதலில் விளக்கு, அடுத்து குரல், பிறகு 112-க்கு போன். புள்ளியைப் பற்றிய நினைப்பு அதற்கெல்லாம் அப்புறம்.

12. கூட்டத்துக்கு எடுத்துப் போகாதே. தீபத்துக்கும் தேருக்கும் லட்சக்கணக்கில் ஜனம் கூடும் ஊர் இது. கலெக்டரின் தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் இவற்றுக்கு ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனைகளில் ஒன்று. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவது இப்போது தனிக் குற்றம். 2019-இல் வந்த திருத்தம் அதற்கு இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் முதல் ஆளாகப் போய்க் கொடு, ரசீது வாங்கு. இடுப்பில் இருப்பது பிறர் கண்ணில் படாமல் நடக்கத் தெரிந்தவன்தான் அதைச் சுமக்கத் தகுந்தவன்.

13. சட்டம் உனக்குக் கொடுத்திருப்பதன் எல்லையைத் தெரிந்துகொள். பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல், தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. முன்பு தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தவை. அதில் 37-ஆவது பிரிவை இரண்டு முறை படி. தற்காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்று அது சொல்கிறது. ஓடுகிறவன் முதுகின் மேல் உன் புள்ளி எவ்வளவு அசையாமல் நின்றாலும் அது உன்னைக் காப்பாற்றாது. பணப் பை போனால் போகட்டும். மண்டியில் ஒரு போகத்தில் திரும்பச் சம்பாதிக்கலாம். போன உயிரை, அது திருடனுடையதே ஆனாலும், எந்தப் போகத்திலும் மீட்க முடியாது.

14. கோபமும் குடியும் உள்ள வீட்டில் ஆயுதம் இருக்கக் கூடாது. பங்காளித் தகராறு நடக்கும் நாளில், மனம் சோர்ந்து தூக்கம் வராத நாளில், பெட்டியின் சாவி உன்னிடம் இருக்க வேண்டாம், அண்ணியிடம் கொடுத்துவை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில் இருக்கட்டும். சிவப்பாக மின்னுவது எதுவாக இருந்தாலும் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்தான் என்பதை மறக்காதே. பட்டாளத்தில் கோத் என்று ஓர் அறை உண்டு. வேலை முடிந்ததும் ஆயுதத்தை அங்கே கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தூங்கப் போவோம். அத்தனை பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த ஏற்பாடு இருந்தது என்றால், உனக்கும் எனக்கும் எவ்வளவு தேவை என்று எண்ணிப் பார்.

15. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உன்னை நீயே விசாரணை செய். லைசென்ஸ் இப்போது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும் மனுவை எழுத உட்காருமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள். எந்தப் பயத்துக்காக வாங்கினேனோ அது இன்னும் இருக்கிறதா? கடந்த ஆறு மாதத்தில் ரேஞ்சுக்குப் போய்ப் பழகினேனா? என் கண்ணும் கையும் கோபமும் என் சொல்லைக் கேட்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் மனுவை எழுது. ஒன்றுக்காவது இல்லை என்று வந்தால் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, மண்டிப் பணத்தைப் பேங்க் வழியாக அனுப்பு. ஆயுதம் வாங்குவது ஒரு நாள் வேலை, அதற்குத் தகுதியாக இருப்பது ஆயுள் முழுவதும் செய்யும் வேலை. எந்த அளவுப் புள்ளி வாங்கினாலும் இந்தத் தகுதியை நீ தினம் தினம் சம்பாதித்தாக வேண்டும். உன்னால் அது முடியும் என்று நம்புவதால்தான் இவ்வளவும் எழுதினேன்.